இலவச மருத்துவப் பரிசோதனை: சீட்டு கைக்கு வந்த பிறகு என்ன?

சுகாதாரத்தைப் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்குகளில் முகாம் ஏற்பாட்டாளர்கள் தரப்பிலிருந்து தவறாமல் எழும் குறை ஒன்று உண்டு. கட்டணம் இல்லை என்று அறிவிக்கிறார்கள். கோயில் மண்டபத்திலேயே நடத்துகிறார்கள். மதிய உணவும் ஏற்பாடு செய்கிறார்கள். இருந்தும் வரவேண்டியவர்கள் வருவதில்லை. ஏற்கெனவே மருந்து உட்கொண்டுவரும் மூத்தவர்கள்தாம் மீண்டும் மீண்டும் வரிசையில் நிற்கிறார்கள் என்பதே அந்தக் குறை. 35 வயது லாரி ஓட்டுநரும், இரவு வேலை முடிந்து தூங்கப்போன பாதுகாவலரும், தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்ப மாதும் அந்த வரிசையில் அரிதாகவே தென்படுகிறார்கள்.

இந்தக் குறையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. நாட்டின் மக்கள் தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர்தாம். ஆனால், 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்த வேளையில், இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடாக இருந்தது. அதாவது, ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாடு தழுவிய விகிதம் 2023ஆம் ஆண்டு ஆய்வில் 15.6 விழுக்காடாகக் குறைந்தது நல்ல செய்திதான். எனினும் அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இனிப்பு நீர் கண்ட இளையோரில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே தெரியவில்லை. முகாமுக்கு வராமல் போகிறவர்களும் பெரும்பாலும் இந்த இளையோர்தாம்.

இந்தியர்களை மட்டும் இந்நோய் ஏன் இவ்வளவு பற்றுகிறது? கருத்தரங்குகளில் இதற்கு "இனிப்பு அதிகம் சாப்பிடுகிறார்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதிப் பதில்தான். தெற்காசிய உடல்வாகில் தசை குறைவு. கொழுப்பு வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேர்கிறது. பார்ப்பதற்கு ஒல்லியாகத் தெரிபவருக்கும் இடுப்புச் சுற்றளவு கூடியிருக்கும். அதனால்தான் ஆசியர்களுக்கு எடை அளவுகோலையே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். உடல் நிறை எண் 23ஐத் தாண்டினாலே எடை அதிகம் என்று மலேசிய மருத்துவ வழிகாட்டிகள் கொள்கின்றன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். "நான் குண்டு இல்லையே, எனக்கெதற்குப் பரிசோதனை?" என்று கேட்பவர் முதலில் தையற்காரரின் அளவு நாடாவை எடுத்துத் தம் இடுப்பை அளந்து பார்ப்பது நல்லது.

மறுபாதிப் பதில் வரலாற்றில் இருக்கிறது. தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கிய உடம்புக்கு மூன்று வேளைச் சோறு தேவைப்பட்டது. 1980, 1990ஆம் ஆண்டுகளில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட்டபோது, குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. உழைப்பின் அளவு குறைந்தது. தட்டில் சோறு குறையவில்லை. அதனுடன் காலையில் ரொட்டி சானாய், மாலையில் கெட்டிப் பால் கலந்த தே தாரிக் என்பனவும் சேர்ந்துகொண்டன.

இன்னோர் இழப்பும் உண்டு; அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. குறை எவ்வளவோ இருந்தாலும், தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்று ஒரு கட்டடமும் டிரஸ்ஸர் என்று ஓர் ஆளும் இருந்தார்கள். காய்ச்சலானாலும் புண்ணானாலும் நடக்கும் தூரத்தில் போய் நிற்கலாம். அவருக்குக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன நோய் என்பது தெரியும். நகரத்துக்கு வந்தவர்களுக்கு அந்த இடம் காலியாகவே போயிற்று. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால், அங்கே அரை நாள் காத்திருந்தால் நாள் சம்பளம் போய்விடும். நாட்கூலிக்காரருக்கு ஒரு ரிங்கிட் மருத்துவத்தின் உண்மையான விலை அந்த அரை நாள்தான். ஞாயிற்றுக்கிழமை முகாம்களின் முதல் பயன் அவை இலவசம் என்பதைவிட, அவை ஞாயிற்றுக்கிழமையில் நடப்பதே எனலாம்.

சரி, முகாமில் என்ன நடக்கிறது? உயரம், எடை, இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். ஒரு சீட்டில் எண்களை எழுதிக் கொடுக்கிறார்கள். இந்தச் சீட்டை எப்படிப் படிப்பது என்பதில்தான் குழப்பமே.

விரலில் குத்திப் பார்ப்பது தீர்ப்பு அன்று, எச்சரிக்கை மட்டுமே. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 7.0 மில்லிமோல், அல்லது சாப்பிட்ட வேளை பாராமல் எடுத்ததில் 11.1 மில்லிமோல், அதற்கு மேல் போனால் இனிப்பு நீர் என்று சந்தேகிக்க வேண்டும். நோயின் அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு, கிளினிக்கில் கையிலிருந்து இரத்தம் எடுத்து மறுபடியும் சோதித்த பிறகே மருத்துவர் உறுதி சொல்வார். வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை இருப்பது இடைநிலை. நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்று பொருள். முகாமில் மிகுந்த பயன் அடையக்கூடியவர்கள் இந்த இடைநிலைக்காரர்கள்தாம். ஆனால், "நோய் இல்லை" என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாக வீடு திரும்புபவர்களும் அவர்கள்தாம்.

முகாமுக்கு இரண்டு நாள் முன்னதாகச் சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தள்ளி, நல்ல எண்ணோடு வந்து நிற்பவர்களும் உண்டு. தேர்வுக்கு முதல் நாள் படிக்கும் பழக்கம் இங்கும் தொடர்கிறது போலும்! எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையில் இந்த வித்தை பலிக்காது. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதால், அது கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டிவிடும். மலேசியாவில் இது 6.3 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் இனிப்பு நீர் என்று கொள்ளப்படுகிறது.

இரத்த அழுத்தத்துக்கும் ஒரு முறை உண்டு. படியேறி வந்தவுடன், கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே கையை நீட்டினால் எண் கூடத்தான் செய்யும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். அப்படியும் 140க்கு 90 என்ற அளவைத் தாண்டினால் வேறொரு நாளும் அளந்து பார்ப்பது அவசியம்.

சீட்டைப் பெற்றவர் அதன் பிறகு எங்கே போகிறார் என்பதுதான் எல்லா முகாம்களுக்கும் பொதுவான கேள்வி. சீட்டு மேலட்டையில் மடிக்கப்பட்டுச் சாமி மேடைக்கு அருகில் செருகப்படுகிறது. அடுத்த ஆண்டு முகாமில் மீண்டும் அதே எண், அல்லது அதைவிடக் கூடிய எண். இடைப்பட்ட பன்னிரண்டு மாதங்களில் சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை. இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதானவர்கள். வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பவர் நிரந்தர வேலைக்குப் போவது எப்படி? ஒருவர் டயாலிசிஸுக்குப் போனால், அவரை ஏற்றி இறக்க இன்னொருவரும் வேலையை விட நேர்கிறது. ஆகவே, முகாமில் நூறு பேரைச் சோதித்தோம் என்பது கணக்கல்ல. எண் கூடியிருந்த பத்துப் பேரில் எத்தனை பேர் அடுத்த மாதம் கிளினிக் அட்டை வாங்கினார்கள் என்பதே கணக்கு. அவர்களுடைய தொலைபேசி எண்ணை வாங்கிவைத்து, இரண்டு வாரம் கழித்து அழைத்துக் கேட்கும் ஒரு தொண்டர் இருந்தால் அந்த முகாமின் பயன் பன்மடங்காகும். பெரிய பதாகைக்குச் செலவிடும் பணத்தைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு.

முகாமுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வழிகளும் உண்டு. 2019இல் அரசாங்கம் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்கீழ், எஸ்டிஆர் உதவித்தொகை பெறுவோரும் அவர்தம் துணைவரும் 40 வயதாகியிருந்தால், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்கிலேயே கட்டணமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தொடக்கத்தில் 50 வயது என்றிருந்தது. 2020இல் 40 ஆயிற்று. தனியாக மனுச் செய்யவேண்டியதில்லை. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் தகுதி உண்டா என்று தெரிந்துவிடும். இரத்தம், சிறுநீர் சோதனைகளோடு மனநலம் பற்றிய கேள்விகளும் இதில் அடங்கும். முடிவைக் கேட்க இரண்டாம் முறை செல்ல வேண்டும். முதல் முறை போய்விட்டு இரண்டாம் முறை போகாமல் விடுவது, தேர்வு எழுதிவிட்டு முடிவைப் பாராமல் விடுவதற்கு ஒப்பாகும். தொழிலாளர்களுக்கு 2013 முதல் பெர்கேசோவும் 40 வயது எட்டிய சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனை வாய்ப்பை வழங்கத் தொடங்கியது.

இந்த வழிகள் யாவும் அடையாள அட்டையைக் கேட்பவை. பிறப்புப் பத்திரச் சிக்கலால் நீல அட்டை இல்லாமல் வாழும் இந்தியர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணமும் இல்லை, பெக்காவும் இல்லை. எவரும் அட்டை கேட்காத கோயில் முகாம்தான் அவர்கள் மருத்துவரைக் காணும் ஒரே இடமாகிறது. அங்கே நோய் இருப்பதைச் சொல்லிவிட்டு மருந்துக்கு வழி சொல்லாமல் அனுப்புவது கொடுமை. இத்தகையோருக்கென முகாமிலேயே ஆவண உதவி மேசை ஒன்றைப் போட்டுவைக்கும் ஏற்பாட்டாளர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

பெண்களுக்கென ஒரு திரை மறைவும் ஒரு பெண் மருத்துவரும் இல்லாத முகாம் பாதி முகாம்தான். மார்பில் கட்டி இருப்பதை மகளிடம்கூடச் சொல்லாத தாய்மார் பலர். கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் எச்பிவி சோதனைக்கு, பெண்கள் மறைவில் தாமே மாதிரி எடுத்துக்கொடுக்கலாம் என்ற வசதி வந்திருப்பதை இவர்களிடம் எடுத்துச் சொன்னாலே தயக்கத்தில் பெரும்பகுதி அகலும்.

பரிசோதனையோடு கருத்தரங்கும் நடத்துவது இப்போது வழக்கமாகிவருகிறது. மேடையில் ஆங்கிலத்தில் படம் காட்டி, நடுநடுவே மலாயில் விளக்கும் உரையைக் கேட்டு மூத்தவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். உண்மையான கருத்தரங்கு கேள்வி நேரத்தில்தான் தொடங்குகிறது. அதுவும் தமிழில் கேட்கலாம் என்று சொல்லப்பட்டால் மட்டுமே.

அப்போது முதலில் வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "டாக்டர், மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டால் கிட்னி போய்விடுமாமே?" இந்த அச்சத்தால் மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏராளம். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். சிறுநீரகம் பலவீனப்பட்ட பிறகு மெட்ஃபோர்மின் மாத்திரையின் அளவை மருத்துவர் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், மாத்திரைதான் கெடுத்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. உண்மையில் சிறுநீரகத்துக்கு ஆபத்தானவை, மூட்டு வலிக்கென்று கேட்பாரின்றி வாங்கி விழுங்கும் வலி நிவாரணிகளும், பதிவு எண் இல்லாத பாரம்பரியத் தூள்களுமாகும். அத்தகைய தூள்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அடுத்தது உணவு பற்றிய கேள்வி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய், பழம் என்பது சுகாதார அமைச்சு பரப்பிவரும் முறை. வாழையிலையில் கால் எது, அரை எது என்று யார் அளப்பது என ஒருவர் கேட்டால் கூட்டம் சிரிக்கும். சோற்றை முதலில் கேட்டு வாங்காமல், கீரையும் பொரியலும் வைத்த பிறகு மிஞ்சும் இடத்தில் வாங்கிக்கொள்வது ஒரு வழி.

புரட்டாசி விரதம், தைப்பூசம் பற்றிய கேள்விகள் தவறாமல் வரும். விரதம் இருப்போர் மாத்திரையைத் தாமாக விட்டுவிடாமல், எந்த வேளைக்கு எதை மாற்றலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தி மயக்கத்தில் தள்ளிவிடும். பத்துமலையில் வெறுங்காலுடன் காவடியோ பால்குடமோ எடுப்பவருக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருந்தால், சுடும் தார்ச்சாலையில் கொப்புளம் வருவதே தெரியாது. கால் விரலை இழந்தவர்கள் பலரின் கதை இப்படி ஒரு சிறு புண்ணில்தான் தொடங்கியது. நேர்த்திக்கடனுக்கு முன் கால் பரிசோதனையும், முடிந்த அன்றிரவே விளக்கொளியில் உள்ளங்காலை யாரையேனும் பார்க்கச் சொல்வதும் அவசியம்.

முகாமுக்குப் புறப்படுவோர், வெறும் வயிற்றில் சோதனை என்று அறிவிக்கப்பட்டிருந்தால் முந்திய இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளக்கூடாது. உட்கொண்டுவரும் மருந்துகளையெல்லாம், நாட்டு மருந்து உட்பட, அவற்றின் உறைகளோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். சென்ற ஆண்டுச் சீட்டு வீட்டில் எங்கேனும் செருகப்பட்டிருந்தால், அதையும் மறவாமல் கொண்டுபோக வேண்டும்.