உங்களுக்குத் தெரியுமா? வாசலை நகர்த்தினால் நாடு மாறும்!

பொம்மைத் தீவு, எலும்பு மண்டபம், பேய் பங்களா என்று விசித்திர இடங்களின் பட்டியல் ஒன்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் அவற்றுக்கு விடுமுறை. ஆட்கள் குடியிருக்கிற, சமைக்கிற, வேலைக்குப் போய்வருகிற விசித்திரங்கள் மட்டும் இங்கே. பார்க்கப் போகிறவருக்குத்தான் அதிசயம்; அங்கே இருப்பவருக்கு அது வீட்டு வரியும் பள்ளிக்கூடமும் காய்கறி வியாபாரமும்தான்.

ஒரே கூரையின் கீழ் ஓர் ஊர்

அலாஸ்காவில் விட்டியர் என்ற ஊரின் மக்கள்தொகை முந்நூறைத் தாண்டாது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே முகவரி: பெகிச் டவர்ஸ். பனிப்போர்க் காலத்தில் ராணுவத்துக்காகக் கட்டிய 14 மாடிக் கட்டடம் இது. தபால் ஆபீஸ், மளிகைக் கடை, தேவாலயம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பள்ளிக்கூடம் மட்டும் தனிக் கட்டடம். பிள்ளைகள் பனியில் நனையாமல் போய்வர நிலத்தடியில் ஒரு நடைபாதை போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வந்தாலும் லிஃப்டில் முகம் பார்த்துத்தான் ஆகவேண்டும்!

சாலை வழியாக ஊருக்குள் வர இருப்பது மலையைக் குடைந்த சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்றுதான். அதிலும் ஒற்றைத் தடம். கார்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடும். ரயில் வரும் நேரத்தில் காத்திருக்கும். உள்ளே வருகிறவர்களுக்கும் வெளியே போகிறவர்களுக்கும் மாற்றி மாற்றி நேரம் ஒதுக்குவார்கள். இரவானால் கதவைச் சாத்திவிடுவார்கள். கடைசி முறையைத் தவறவிட்டால் விடியும்வரை காரிலேயே படுக்க வேண்டியதுதான்.

விமானம் போகட்டும், கொஞ்சம் நில்லுங்கள்

ஜிப்ரால்டரில் ஊருக்குள் போகும் முக்கியச் சாலை விமான ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிச் சென்றது. விமானம் இறங்கும்போது ரயில்வே கேட் மாதிரி தடுப்பை இறக்குவார்கள். 2023-ல் கீழே சுரங்கப்பாதை திறந்த பிறகு வாகனங்கள் அந்த வழியில் போகின்றன.

பூமிக்கடியில் ஒரு படுக்கையறை

தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில், அடிலெய்டிலிருந்து ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வடக்கே கூபர் பீடி. 1915-ல் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இங்கே ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். அதிலிருந்து தொடங்கிய தோண்டல் இன்னும் ஓயவில்லை.

கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அதனால் பல குடும்பங்கள் குன்றுகளைக் குடைந்து உள்ளேயே குடியிருக்கின்றன. ஏ.சி. இல்லாமலே ஆண்டு முழுக்க 23, 25 டிகிரிதான். சுவரும் கூரையும் ஒரே பாறை. குடைந்த இயந்திரத்தின் பல்வரிசைத் தடம் வட்ட வட்டமாகச் சுவரில் தெரியும். அதன்மேல் பிசின் மாதிரி ஒரு பூச்சு அடித்துவிட்டால் தூசி உதிராது. வெளியே நின்று பார்த்தால் வீடே தெரியாது. மண்ணிலிருந்து காற்றுக் குழாய்கள் மட்டும் ஆங்காங்கே நீட்டிக்கொண்டிருக்கும். பூமிக்கடியில் ஒரு செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் உண்டு.

கோல்ஃப் மைதானத்தில் புல் கிடையாது. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு துண்டுப் புல்தரையைக் கையோடு கொண்டுபோய், பந்தை அதன்மேல் வைத்து அடிக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து இரவிலும் ஆட்டம் நடக்கும், ஒளிரும் பந்தை வைத்து.

ஊரைச் சுற்றி மூடாத சுரங்கக் குழிகள் ஏராளம். 'ஓடாதீர்கள், பின்பக்கமாக நடக்காதீர்கள்' என்று எச்சரிக்கைப் பலகைகளே இருக்கின்றன. செல்ஃபி பிரியர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த இரண்டாவது வரி.

நேற்றும் இன்றும் 4 கிலோமீட்டர்

பெரிங் நீரிணையில் இரண்டு டயோமீட் தீவுகள். பெரியது ரஷ்யாவுக்கு, சின்னது அமெரிக்காவுக்கு. இடைவெளி 4 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு ஓடுவதால், சின்னத் தீவில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எதிர்க்கரையில் திங்கட்கிழமை பிறந்து பல மணி நேரம் ஆகியிருக்கும்.

வாசல் எந்த நாட்டில்?

இந்தப் பக்கத்தில் என் ஓட்டு பார்லெ ஊருக்குத்தான். நெதர்லாந்துக்குள் பெல்ஜியத்துக்குச் சொந்தமான 22 துண்டு நிலங்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் துண்டுகளுக்குள்ளும் நெதர்லாந்துக்குச் சொந்தமான குட்டித் துண்டுகள் உண்டு! இடைக்காலப் பிரபுக்கள் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்ட வினை இது. இன்று அங்கே ஒரே ஊருக்கு இரண்டு நகராட்சி, இரண்டு மேயர்.

எல்லைக்கோடு தெருவில் வெள்ளைச் சிலுவைக் குறிகளாக ஓடுகிறது. ஒரு பக்கம் 'பி', மறுபக்கம் 'என்.எல்.' என்று எழுதியிருக்கும். நடைபாதையில் ஓடி, காபிக் கடை மேஜைக்கு அடியில் நுழைந்து, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தின் வழியாக வெளியேறும். வீடு இரண்டு நாட்டிலும் இருந்தால்? முன்வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு. சட்டம் வசதியாக இருக்கிற நாட்டுக்கு வாசற்கதவை நகர்த்திக்கொண்டவர்களும் உண்டாம். கோடு வாசற்படியின் நடுவிலேயே போகும் ஒரு வீட்டில் இரண்டு கதவு எண்கள் தொங்குகின்றன.

2020 கொரோனாக் காலத்தில் வேடிக்கை உச்சத்துக்குப் போனது. பெல்ஜியம் கடைகளை மூடச் சொன்னது, நெதர்லாந்து சொல்லவில்லை. எல்லை குறுக்கே ஓடும் ஒரு துணிக்கடையில் பெல்ஜியப் பாதியை நாடா கட்டி மறித்துவிட்டு, மறுபாதியில் வியாபாரம் நடந்தது.

நீல நெருப்பு

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் இஜென் எரிமலை. கந்தக வாயு வெடிப்புகளின் வழியே வெளிவந்து காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்கிறது. அந்தச் சுடர் நீலநிறம். இருட்டில்தான் தெரியும் என்பதால் சுற்றுலாக்காரர்கள் நள்ளிரவில் மலையேறுகிறார்கள். அதே ஒற்றையடிப் பாதையில் எதிரே வருவார்கள் கந்தகத் தொழிலாளர்கள். மூங்கில் தண்டின் இரு முனையிலும் கூடை, அசல் காவடி. அதில் 70 முதல் 90 கிலோ மஞ்சள் கட்டிகள். வாயில் ஈரத்துணி கட்டியிருந்தால் உண்டு. போகிறவர்கள் பாதையை விட்டு ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிடுவது அங்கே குறைந்தபட்ச மரியாதை.

தண்டவாளத்தில் தக்காளி

தாய்லாந்தின் மேக்லாங் சந்தைக்கு இடமே ரயில் பாதைதான். ஹாரன் கேட்டதும் வியாபாரிகள் கம்பைப் பிடித்து இழுத்துத் துணிக்கூரையை மடக்குகிறார்கள். சக்கரம் வைத்த மீன் தட்டுகளைப் பின்னால் தள்ளுகிறார்கள். தரையோடு தரையாகக் கிடக்கும் தக்காளி, மிளகாய்க் கூறுகளைத் தொடுவதே இல்லை. ரயிலின் அடிப்பாகம் அவற்றுக்கு மேலாகப் போய்விடும். கடைசிப் பெட்டி கடந்த கையோடு கூரை விரிந்து பேரம் தொடரும்.

இதைப் பார்க்க பாங்காக்கிலிருந்து வேனில் போவதைவிட ரயிலில் போவது ருசி. வோங்வியான் யாய் நிலையத்தில் ஏறி மகாசாயில் இறங்கி, படகில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் பான் லேம் நிலையத்தில் அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டும். வண்டிகள் குறைவு, கிளம்புமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.