காற்றுக் குடிக்கும் விரால்

ஜூன் முதல் வாரம் கழிந்து சூரியன் மிருகசீரிட நட்சத்திரத்தில் புகும் மிருகசீரிடக் கார்த்தி பிறக்கும் நாளில், ஹைதராபாத் நாம்பள்ளி கண்காட்சித் திடலில் கூட்டம் அலைமோதும். வருகிறவர்களில் பெரும்பாலோர் இளைப்பு நோய்க்காரர்கள். இரண்டு மூன்று அங்குல விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மூலிகைப் பசையைத் திணித்து, உயிரோடு அவர்கள் தொண்டைக்குள் இறக்கிவிடுவார்கள். மீன் தின்னாதவர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவதுண்டு. 1845 முதல் காசு வாங்காமல் கொடுத்துவருவதாகச் சொல்கிறது பத்தினி கௌடு குடும்பம். பசையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.

பசை பலிக்குமா என்று சண்டை போட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு வியப்பு அந்த மீன்மேல்தான்.

தெலுங்கில் கொர்ரமீனு எனப்படும் விரால்தான் தெலங்கானாவின் மாநில மீன். செவுளை மட்டும் நம்பி இது பிழைப்பதில்லை. தலைக்குள், செவுளுக்கு மேலே, இரண்டு பக்கமும் ஓர் அறை உண்டு. அதன் உட்சுவரில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். நீர்ப்பரப்புக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி இறங்கினால், அங்கேதான் ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கிறது. வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் வலைபோட்டுத் தடுத்தால், மீன் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும்! குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து தாக்குப்பிடிப்பதும், சந்தையில் உடம்பு ஈரமாக இருக்கும்வரை துள்ளுவதும் இந்த அறையின் தயவால்தான்.

இளைப்பில் நடப்பது வேறு. மூச்சுக்குழல் கிளைகளைச் சுற்றிய தசை இறுகும், உள்சவ்வு வீங்கும், சளி சேரும். உள்ளே போன காற்று குறுகிய வழியில் வெளியேறும்போது எழும் சீழ்க்கையைத்தான் 'வீசிங்' என்கிறோம். மீன் நெளிந்துகொண்டே போய் அடைப்பை நீக்கிவிடும் என்பது திடலுக்கு வருவோர் நம்பிக்கை. ஆனால் நாம் எதை விழுங்கினாலும் அந்த நொடியில் மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ளும். மீன் உணவுக்குழல் வழியே நேராக இரைப்பை அமிலத்தில் போய் விழும். தப்பித்தவறி மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இன்ஹேலர் மருந்தோ, இறுகிய குழல்களுக்கே நேராகப் போகிறது.

அப்படியானால் விராலை ஏன் பிடித்தார்கள்? என் ஊகம் இது: மீன் உயிரோடு இருக்க வேண்டும், கூட்டமோ பெரிது. ஜூன் வெக்கையில் தொட்டியில் நெருக்கியடித்துக் கிடந்தால் கெண்டைக் குஞ்சுகள் சீக்கிரமே மிதந்துவிடும். விரால் குஞ்சு அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துக்கொள்ளும்.