சுழலும் சக் வீடியோவில் ஏன் நிற்கிறது?

கல்முனையில் படகு எஞ்சினுக்குத் தண்டு கடையும் லேத்தைக் கமராவில் பதிந்தால், வேலை பழகும் பொடியனுக்கு அது நல்ல பாடம். ஆனால் தண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் வேகத்தை வீடியோ பார்த்து மதிப்பிடக் கூடாது.

கமரா இடைவிடாமல் பார்ப்பதில்லை. செக்கனுக்கு 25 படம் எடுக்கிறது என்று வையுங்கள். மூன்று தாடைச் சக் நிமிடத்துக்கு 500 முறை சுற்றினால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக மூன்றிலொரு சுற்று. ஒரு தாடை இருந்த இடத்தில் மற்றொன்று வந்து நிற்கும்; சக் அசையாததுபோல் தெரியும். 480 ஆகக் குறைத்தால் பின்னோக்கி உருளும்!

இதைவிட ஆபத்தானது வெளிச்சம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சோக் போட்ட டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிர்கிறது. நிமிடத்துக்கு 2000 சுற்றில் அதே சக் வெறுங்கண்ணுக்கே நிற்பதுபோல் தோன்றலாம். அதை நம்பிக் கை நீட்டினால் விரல் போய்விடும். லேத்துக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு கட்டாயம் வேண்டும். அதன் சூடான இழை அவ்வளவு சீக்கிரம் மங்காது.

வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதும் டியூப் லைட்டின் இதே துடிப்பால்தான். ஷட்டரை 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்தால் மறையும்.