அப்பா வண்டியும் அடம்பிடிச்ச நட்டும்!

கூரம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து கிராமம். ராமானுஜரோட சீடர் கூரத்தாழ்வார் பிறந்த ஊர், பல்லவர் காலச் செப்பேடு கிடைச்ச ஊர்னு சரித்திரத்தில் பெரிய பேர். நாங்க போனது அதுக்கெல்லாம் இல்லை பாஸ், ஒரு மாட்டுக் கொட்டகையைப் பார்க்க!

வைக்கோல் போருக்குப் பின்னாடி சாக்கு போத்திக்கிட்டு நின்னது, என் கிளாஸ்மேட்டோட அப்பா ஓட்டின யெஸ்டி 250. அவர் இறந்து பதினோரு வருஷம். அத்தனை வருஷமும் வண்டி நகரலை. ''எடைக்குப் போட்டுடலாம்டா''னு அம்மா சொல்ல, ''ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடறேன்மா''னு இவன் கெஞ்ச, பொங்கல் லீவு வரைக்கும் டைம் கிடைச்சது.

யெஸ்டி தெரியுமில்ல? செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா பைக்கை, மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி தயாரிச்சது. 1973-லிருந்து அதுக்கு யெஸ்டினு பேர். கிக்கரையே மடக்கிவிட்டா கியர் லீவராகும் விசித்திரம் இதில் உண்டு! 1996-ல் கம்பெனியை மூடிட்டாங்க. 2022-ல் அதே பேரில் புது பைக் வந்தாலும், அது நாலு ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங். அதோட பார்ட்ஸ் எதுவும் இதுக்குச் சேராது. அதனால, பழைய சிலிண்டரை உடைச்சோம்னா கதை முடிஞ்சது.

அதைத்தான் முதல் நாளே செய்யப் பார்த்தோம்.

சிலிண்டர் ஒண்ணுதான், ஆனா சைலன்ஸர் ரெண்டு. சிலிண்டரின் முன்பக்கம் ரெண்டு மூக்கு மாதிரி நீட்டியிருக்கும். அதன் மேல் மரை. பெண்ட் பைப்பை அதில் வெச்சு, ஒரு வளைய நட்டைப் போட்டு இறுக்கியிருப்பாங்க. டூ ஸ்ட்ரோக் ஆச்சே... பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியும். அந்தக் கரி மரைக்குள்ள புகுந்து, மேல துருவும் ஏறி, நட்டும் மூக்கும் ஒரே இரும்பா ஆகியிருந்தது. கூகுள் பார்த்துட்டு உளியை வெச்சு சுத்தியால ஒரு போடு போட்டான் நண்பன். 'டங்'! நட்டின் விளிம்பில் ஒரு துண்டு தெறிச்சு வைக்கோல்ல விழுந்துச்சு. நட் அசையவே இல்லை.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். முப்பது வருஷம் மெக்கானிக்கா இருந்தவராம். ''ஏம்பா, வார்ப்பு இரும்புப்பா அது. மூக்கு வுட்டுப்போச்சுன்னா ஒங்கப்பா வண்டி அவ்ளோதான். சுத்தியக் கீழ போடு''ன்னார். போட்டோம்.

அவர் வைத்தியம் ரொம்ப சிம்பிள். கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரிஞ்ச மரையைத் தேய்ச்சு, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து காலையும் மாலையும் சொட்டுச் சொட்டா விடணும். மூணு நாள். அதுவரை தொடவே கூடாது! (சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அப்பதான் தெரிஞ்சது.) நாலாம் நாள் டேங்க்கையும் கார்புரேட்டரையும் கழட்டித் தூரமா வெச்சு, வைக்கோல் பக்கமே வேண்டாம்னு வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளி, எண்ணெயைச் சுத்தமா துடைச்சுட்டு, கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சுத்திச் சுத்திச் சூடு பண்ணினார்.

ஏன் நட்டை மட்டும்? ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். 5 செ.மீ. குறுக்களவுள்ள இரும்பு வளையத்தோட சூடு 150 டிகிரி ஏறினா விரியறது சுமார் 0.09 மி.மீ. அவ்வளவுதானான்னு கேட்காதீங்க. உள்ளே இருக்கும் மூக்கு சூடாகிறதுக்குள்ள அந்த இடைவெளி கிடைச்சாலே துரு பிடி விட்டுடும். உடனே கொக்கி ஸ்பேனரை மாட்டி, முதல்ல இறுக்குற பக்கமா லேசா ஒரு தள்ளு, அப்புறம் கழட்டுற பக்கமா. 'கிரீச்'னு ஒரு சத்தம். இடது நட் சுத்திடுச்சு! துண்டு தெறிச்ச வலது நட்டில் கொக்கி சரியா உட்காராம, இன்னும் ரெண்டு நாள் வாங்கிடுச்சு.

அடுத்து பேக்கிங். பெண்ட் பைப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருந்த பழைய செம்பு வளையத்துக்குள்ள சாம்பல் கலர்ல நார் நாரா ஏதோ இருந்தது. அந்தக் காலத்துப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் சகஜம். அது எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனால காய்ஞ்ச நிலையில் சுரண்டக் கூடாது, ஏர் பிடிச்சு ஊதவே கூடாது. சோப்புத் தண்ணியில் நனைச்சு, மாஸ்க் போட்டு எடுத்து, பாலிதீன் பையில் கட்டினோம். ''நாங்கல்லாம் வாயால ஊதித் தள்ளுவோம் தம்பி''ன்னார் பெரியவர். நாங்க எதுவும் பேசலை.

சிலிண்டருக்கு அடியில் இருக்கும் பேப்பர் பேக்கிங்தான் நிஜமான வில்லன். அப்பளம் மாதிரி காய்ஞ்சு அலுமினிய கிராங்க்கேஸோட ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கீறி ஒரு கோடு விழுந்தாலும், அந்த வழியா வெளிக்காத்து உள்ளே போகும். பெட்ரோல், ஆயிலோட பங்கு குறைஞ்சு, இன்ஜின் எக்கச்சக்கமா சூடேறி, பிஸ்டன் சிலிண்டரிலேயே பிடிச்சுக்கும். அதனால வாயை துணியால் அடைச்சு, தின்னர் தடவி ஊறவெச்சு, மூங்கில் பட்டையைச் சீவி ஒரு மத்தியானம் முழுக்க நெல்லு நெல்லா உரிச்சோம். கையெல்லாம் எரிச்சல்!

வண்டி இன்னும் ஸ்டார்ட் ஆகலை. பிஸ்டன் ரிங் தேடிக்கிட்டிருக்கோம். பொங்கலும் போயாச்சு. ஆனா, டார்ச் சூட்டில் நட்டிலிருந்து பழைய ஆயில் புகைஞ்ச அன்னிக்கு அம்மா வாசலுக்கு வந்து நின்னாங்க. ''இந்த வாசனைதான்டா. உங்கப்பா தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குள்ள வந்துடும்''னாங்க.

எடைக்குப் போடுற பேச்சை அதுக்கப்புறம் அவங்க எடுக்கலை.