மொழியறியா இயக்குநரும் உரையாடல் எழுத்தாளரும்: எல்லிஸ் ஆர். டங்கனின் தமிழ்த் திரைப்பட ஆண்டுகள் (1936–1950)

முன்னுரை

தமிழ்ப் பேசும்படத்தின் முதல் இருபதாண்டு வரலாற்றை எழுதுவோர் எவரும் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. எம்.ஜி.ஆர். அறிமுகமான படத்தை இயக்கியவர், அசையாது நின்ற ஒளிப்படக்கருவியை நகரச் செய்தவர் என்னும் இரு செய்திகளோடு பெரும்பாலும் அக்குறிப்பு முடிந்துவிடும. தமிழ் அறியாத ஒருவர் ஏறத்தாழப் பதினைந்தாண்டுகள் தமிழ்ப் படங்களை இயக்கியபோது, அப்படங்களின் மொழி யார் பொறுப்பில் இருந்தது என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை. டங்கனின் புகழ்மிக்க ஆண்டுகளை அவ்வினாவின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

வருகையும் முதற்படமும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1909இல் பிறந்த டங்கன், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனுடன் 1935இல் இந்தியா வந்தார். தம்மிடம் வந்த ஒரு படவாய்ப்பை டாண்டன் டங்கனுக்குப் பரிந்துரைக்க, 1936இல் 'சதி லீலாவதி' உருவாயிற்று. எஸ்.எஸ்.வாசனின் தொடர்கதையைத் தழுவிய அப்படத்தில் எம்.கே.ராதா கதைத்தலைவர், எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா ஆகியோர் புதுமுகங்கள். ஹாலிவுட்டில் தங்கியிருந்தால் உதவியாளராக நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்திருக்கும் ஓர் இளைஞருக்கு, இருபத்தேழு வயதுக்குள் இயக்குநர் பொறுப்பு இங்கே கிடைத்தது.

அக்காலத் தமிழ்ப்படம் நாடகமேடையின் நீட்சியாக இருந்தது. நடிகர் கருவிக்கு நேரே நின்று பாடுவார். கருவி பார்வையாளரின் நாற்காலியைப் போல ஓரிடத்தில் இருக்கும். டங்கன் இவ்வமைப்பைக் குலைத்தார். காட்சியை அண்மைக் காட்சி, சேய்மைக் காட்சி எனப் பகுத்து முன்கூட்டியே திட்டமிட்டார். உரையாடலின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மொழி அறிந்த உதவியாளர்களையும் துணைக்கொண்டு பணியாற்றினார். இதன் விளைவு எதிர்பாராதது. காட்சிக்கு ஒருவர், சொல்லுக்கு ஒருவர் எனப் பொறுப்பு பிரிந்தது. இயக்குநர் தீர்ப்புச் சொல்ல இயலாத ஒரு துறை படத்துக்குள்ளேயே உருவாயிற்று. அங்கே எழுத்தாளர் தனியாட்சி செலுத்தலானார்.

அம்பிகாபதி (1937)

இப்பிரிவு முதலில் தெளிவாகப் புலப்படுவது 'அம்பிகாபதி'யில்தான். எம்.கே.தியாகராஜ பாகவதரும் எம்.ஆர்.சந்தானலட்சுமியும் நடித்த இப்படத்திற்கு உரையாடல் எழுதியவர் இளங்கோவன். கம்பரின் மகனுக்கும் சோழ இளவரசிக்கும் இடையிலான காதலைப் படமாக்கும்போது, ஜார்ஜ் குக்கர் 1936இல் ஹாலிவுட்டில் இயக்கிய 'ரோமியோ ஜூலியட்' டங்கனின் மனத்தில் இருந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் தாம் விரும்பிய பகுதிகளை அவர் குறித்துக் கொடுக்க, இளங்கோவன் அவற்றைத் தமிழ்க் காதல் மரபுக்கு இயையப் புதிதாக எழுதினார் என்பர். குறித்தவர் தமிழ் அறியார். எழுதியவரோ குறித்ததற்குள் அடங்கவில்லை. மேடைப் பேச்சின் கொச்சையும் வடமொழிக் கலப்பும் குறைந்த, ஓசை நயமுள்ள உரைநடை திரையில் ஒலித்தது. அதன்பின் உரையாடலுக்கெனவே எழுத்தாளரைத் தேடும் வழக்கம் வலுப்பெற்றது. படமும் பெருவெற்றி கண்டது.

சகுந்தலையும் மீராவும்

எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பாலசுப்பிரமணியமும் நடித்த 'சகுந்தலை' 1940இல் வெளிவந்தது. அதே ஆண்டு நாகசுர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையைக் கதைத்தலைவராகக் கொண்டு எடுத்த 'காளமேகம்' வெற்றி பெறவில்லை. ஆசுகவியின் சொல்விளையாட்டே உயிரான ஒரு கதையை மொழி அறியாத இயக்குநர் ஏற்றதில் இடர் இருந்தது என்று கருத இடமுண்டு.

'மீரா' (1945) டங்கனின் கலைத்திறனுக்கு உச்சம். எம்.எஸ்ஸின் முகத்தை எக்கோணத்தில் எவ்வொளியில் காட்டுவது என்பதை அறிய, அவருடைய மார்பளவுச் சிலையைச் செய்வித்து அதன்மேல் ஒளிபாய்ச்சிப் பார்த்தார். ஜித்தன் பானர்ஜியின் ஒளிப்பதிவு அதற்குத் துணைநின்றது. இங்கும் சொல்லின் பொறுப்பு ஓர் எழுத்தாளரிடம், கல்கியிடம், இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை அறிந்த தமிழ்ப் பார்வையாளருக்கு, கண்ணனையே கணவனாகக் கொண்ட மேவார் அரசியின் கதை அந்நியமாகத் தோன்றியிருக்காது. 1947இல் இதன் இந்தி வடிவம் வெளியானபோது சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்ஸை அறிமுகம் செய்தார்.

மாடர்ன் தியேட்டர்ஸ் ஆண்டு

1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சுக்காக டங்கன் இரு படங்களில் பணியாற்றினார். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்னும் காவியத்தைத் தழுவிய 'பொன்முடி', காதற்காட்சிகளின் நெருக்கத்தால் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மற்றொன்று மு.கருணாநிதி எழுதிய 'மந்திரி குமாரி'. கள்வனான கணவன் தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்றதை உணர்ந்த மனைவி, அவனை வலம்வருவதுபோல் சுற்றிவந்து கீழே தள்ளும் குண்டலகேசி நிகழ்ச்சியே இதன் கரு. அம்மலைக் காட்சியில் டங்கனின் கருவி உயரத்தையும் பள்ளத்தையும் அச்சமாக மாற்றுகிறது. ஆயினும் மக்கள் நினைவில் வைத்துப் பேசியது அடுக்குமொழி உரையாடலையே. இளங்கோவனிடம் தொடங்கிய எழுத்தாளர் செல்வாக்கு இங்கே அரசியலின் குரலாக வளர்ந்துவிட்டது. மொழி அறிந்த இயக்குநர் ஒருவர் அவ்வசனங்களின் நீளத்தைக் குறைத்திருக்கக்கூடும். டங்கனுக்கு அது தம் எல்லைக்குள் வரும் செயலன்று.

'மந்திரி குமாரி' நிறைவடையும் முன்பே அவர் அமெரிக்கா திரும்பினார். எஞ்சிய பகுதியை டி.ஆர்.சுந்தரம் முடித்தார், இயக்குநர்களாக இருவர் பெயரும் இடம்பெற்றன. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் குடியேறி ஆவணப்படங்கள் எடுத்துவந்த டங்கன் 2001இல் மறைந்தார்.