பாடசாலையில் ஒதுங்கி நிற்கும் உங்கள் பிள்ளை

ஊர் திரும்பிய பின்னர் உங்கள் பிள்ளை பாடசாலைக்குப் போக மறுக்கலாம், நித்திரையின்றித் தவிக்கலாம், அடிக்கடி கோபப்படலாம். இது சோம்பலோ திமிரோ அல்ல. முகாமில் பழகிய நண்பர்களைப் பிரிந்து, புதிய வகுப்பில் மீண்டும் தொடங்குவது பதின்ம வயதினருக்குப் பெரும் சுமை.

அடிக்காதீர்கள், மற்றவர்களோடு ஒப்பிடாதீர்கள். அருகிலிருந்து கேளுங்கள்.

பிள்ளை எத்தனை பாடசாலைகள் மாறியது, எந்தப் பாடங்கள் விடுபட்டன என்பதை வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரையும் சந்தியுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

“சாகப்போகிறேன்” என்று சொன்னால் வெறும் வெருட்டு என எண்ணாதீர்கள். தனியே விடாதீர்கள். கிருமிநாசினிகளைப் பூட்டி வையுங்கள். உடனே 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.