உங்களுக்குத் தெரியுமா? மலையேற்றத்தில் கொதிக்கும் பெட்ரோல்

சிலமலையிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக ஏலத்தோட்டங்களை நோக்கிப் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறிய பழைய பெட்ரோல் ஜீப், உச்சிவெயிலில் சற்றே நிறுத்தப்பட்ட பின்னர், செல்ப் மோட்டார் எஞ்சினை நன்றாகச் சுழற்றியும் ஸ்டார்ட் ஆகாது நின்றுவிடுமாயின், பாட்டரியை நிந்திப்பது நியாயமன்று. சுழற்றும் சக்தி அதனிடம் இருப்பது பிரத்தியட்சம்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டிய எரிபொருள், தீப்பொறி, சிலிண்டரின் அமுக்கம் ஆகியவற்றுள், இங்கே விசேஷமாகச் சந்தேகத்திற்குரியது எரிபொருளே. பெட்ரோலின் இலேசான அம்சங்கள் சுமார் 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும் சுபாவமுடையவை. கடல்மட்டத்திற்கு 1,300 மீட்டருக்கு மேலுள்ள போடிமெட்டில் வாயுமண்டல அழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், அக்கொதிப்பு இன்னும் எளிதாகிறது. எஞ்சினோடு ஒட்டியிருந்து பெட்ரோலை உறிஞ்சும் பழைய பம்பு, திரவத்திற்குப் பதிலாக ஆவியையே பெற்று வீண் பிரயாசை கொள்ள, கார்புரேட்டர் வறண்டுபோகிறது. ‘வேப்பர் லாக்’ எனப்படும் இதற்குப் பரிகாரம் மிக எளிது: பானெட்டைத் திறந்து, பம்பின்மீதும் குழாயின்மீதும் ஈரத்துணி சுற்றிப் பொறுமையுடன் காத்திருந்தால், ஆவி குளிர்ந்து மீண்டும் திரவமாகும்.

பம்பைத் தொட்டியினுள்ளேயே மூழ்கவைத்து, மிகுந்த அழுத்தத்துடன் பெட்ரோலைத் தள்ளும் இன்றைய கார்களில் இவ்வுபாதை அபூர்வம். அவற்றில் சாவியைத் திருப்பியதும் பின்னிருக்கைப் பக்கம் ஓரிரு விநாடி எழும் மெல்லிய ரீங்காரம் கேட்கவில்லையெனில், முதலில் பார்க்கத்தக்கவை பம்பின் ப்யூஸும் ரிலேயும்.